குடிக்க மறுக்கும் குதிரை

குதிரையையும் தண்ணீரையும் இணைத்துப் பேசும் பழமொழிகள் இரண்டு நம்மிடையே வழங்குகின்றன. "மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பது நம்முடையது. அது மண்ணால் செய்த குதிரையன்று, ஆற்றின் நடுவே தோன்றும் மண்திட்டாகிய 'குதிர்' என்று பொருள் கூறுவோரும் உளர். மற்றொன்று ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. குதிரையைத் தண்ணீர்த் துறைவரை அழைத்துச் செல்லலாம், ஆனால் குடிக்கச் செய்ய இயலாது என்பது அதன் கருத்து. பாடத்தைக் கவனியாத மாணவர்களைப் பார்த்து ஆசிரியப் பெருமக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்பழமொழியில் குற்றம் முழுவதும் குதிரையின் தலையில் ஏற்றப்படுகிறது.

விலங்கியல் பயிலும் நாம் அந்தக் குற்றச்சாட்டைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டாமா? தாகத்தோடு நிற்கும் ஒரு விலங்கு, எதிரே வைத்த தண்ணீரை ஏன் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது? பெரும்பாலான வேளைகளில் குறை தண்ணீரில் இருக்கிறது, அல்லது தண்ணீர் காட்டும் முறையில் இருக்கிறது என்பதே அறிவியல் தரும் விடையாகும்.

குதிரைக்கும் நமக்கும் இன்று என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். ஜட்கா வண்டிகள் மறைந்துவிட்டன என்பது உண்மையே. எனினும் மெரினாக் கடற்கரையில் குழந்தைகளைச் சுமந்து நடக்கும் குதிரைகள் உள்ளன. சென்னை மாநகரக் காவல்துறையில் குதிரைப் பிரிவு உண்டு. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் கல்யாண ஊர்வலங்களில் சாரட்டு வண்டியை இழுத்து வரும் குதிரைகளை நாம் காண்கிறோம். பேண்டு வாத்தியத்தின் நடுவே, விளக்கு வெளிச்சத்தில், இரண்டு மூன்று மணிநேரம் நிற்கும் அந்தக் குதிரைக்கு யார், எப்போது, எந்தத் தண்ணீரைக் கொடுத்தார்கள் என்று நம்மில் எவரும் கேட்பதில்லை.

உடலும் நீரும்

குதிரையின் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீரே. வேலையின்றி நிழலில் நிற்கும் குதிரைக்கு ஒவ்வொரு 100 கிலோ எடைக்கும் நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் தேவை. 450 கிலோ எடையுள்ள குதிரை என்றால் ஒன்றரைக் குடம் ஆகும். வெயிலில் வேலை செய்யும் நாளில் இத்தேவை இரு மடங்காகவும் அதற்கு மேலும் உயரும். குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்குதிரைக்கும் தேவை மிகுதி.

இவ்வளவு நீர் எதற்கு? மாடு அசைபோடும் விலங்கு. அதற்கு வயிற்றின் முன்பகுதியிலேயே புல் நொதித்துச் செரிக்கிறது. குதிரை அசைபோடுவதில்லை. அதற்கு நொதித்தல் நிகழுமிடம் குடலின் பின்பகுதியாகும். சீக்கம் என்ற பை மட்டுமே 30 லிட்டர் அளவு கொள்ளும். அதற்கு அப்பாலுள்ள பெருங்குடல் இன்னும் பெரிது. பல வளைவுகளாக மடிந்து கிடக்கும் அப்பெருங்குழாயில், வைக்கோலும் புல்லும் கூழாக இருந்தால்தான் தடையின்றி நகரும். நீர் குறைந்தால் கூழ் இறுகுகிறது. குறுகலான வளைவில் அடைத்துக்கொள்கிறது. இதுவே குதிரைக்காரர்கள் பெரிதும் அஞ்சும் வயிற்றுச் சூலையின் ஒரு வகை. குதிரை தரையில் புரளும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், காலால் மண்ணைக் கிளறும். உடனே மருத்துவம் கிடைக்காவிடில் இறந்துபோவதும் உண்டு.

இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் உள்ள தசைவளையம் அவ்வளவு இறுக்கமானது. நாய் கெட்டதைத் தின்றால் கக்கிவிடும். குதிரை கெட்ட நீரைக் குடித்தால் அது உடலுக்குள்ளேதான் போகும். குடிக்கும் முன் அது நெடுநேரம் முகர்ந்து பார்ப்பதைப் பிடிவாதம் என்று நாம் இகழ்கிறோம். இந்த உடலமைப்பை நோக்கினால் அந்த எச்சரிக்கை அதற்கு இன்றியமையாதது என்பது விளங்கும்.

வியர்வையின் விந்தை

ஓடிக் களைத்த குதிரையின் கழுத்திலும் தொடையிலும் வெண்ணுரை படிந்திருப்பதைக் காணலாம். அதன் வியர்வையில் லேதரின் என்னும் புரதம் உள்ளது. சோப்பு நீரைப் போல அது நுரைத்து, மயிரடர்ந்த தோல் மீது வியர்வையைப் பரப்புகிறது. கடும் வெப்பத்தில் கடினமாக உழைக்கும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 லிட்டருக்கு மேலும் வியர்வை சிந்தக்கூடும்.

இங்கேதான் ஒரு விந்தை நிகழ்கிறது. மனிதனுடைய வியர்வையில் உப்பு குறைவு. எனவே நாம் வியர்க்கும்போது நீர் மிகுதியாக வெளியேற, இரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. அந்தச் செறிவை மூளை உணர்ந்து தாகத்தை எழுப்புகிறது. குதிரையின் வியர்வையிலோ இரத்தத்தில் உள்ள அளவுக்கோ அதைவிட மிகுதியாகவோ உப்பு உள்ளது. நீரும் உப்பும் ஒன்றாகவே வெளியேறுவதால் இரத்தத்தின் செறிவு உயர்வதில்லை. ஆகவே உடல் வறண்டிருந்தும் குதிரைக்குத் தாகம் தோன்றாமல் போகிறது! வாளியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. "இதற்குத் தண்ணீர் வேண்டாம் போலும்" என்று நாம் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

இதற்கு மாற்று மிக எளிது. பெரிய குதிரைக்கு நாளொன்றுக்கு 30 கிராம் அளவில் சாதாரண உப்பைத் தீவனத்தோடு கலந்து கொடுக்கலாம், அல்லது நக்குவதற்கு உப்புக்கட்டி வைக்கலாம். வியர்வை மிகுந்த நாள்களில் அளவைக் கூட்ட வேண்டும். உப்பு உள்ளே சென்றால் தாகம் பிறக்கும். ஆனால் அருகில் நல்ல நீர் இல்லாதபோது உப்பு மட்டும் கொடுப்பது தீங்காகும்.

ஓடி வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டக்கூடாது, காட்டினால் சூலை வந்துவிடும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக உண்டு. 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறுமுன், அந்நகரின் கோடை வெப்பத்தில் குதிரைகளை எவ்வாறு காப்பது என்று அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்தனர். இன்றைய கால்நடை மருத்துவம் அந்தப் பழைய நம்பிக்கையை ஏற்பதில்லை. களைத்த குதிரையைக் குடிக்க விடுவதும், அதன் உடல்மீது குளிர்ந்த நீரை ஊற்றுவதும் அதைக் காக்கும் செயல்களாகும். நீரின் வெப்பநிலையும் முக்கியம். ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் உள்ள நீரைக் குதிரை விரும்பிக் குடிக்கும். மொட்டை மாடியில் கருப்பு பிளாஸ்டிக் தொட்டியில் நாள் முழுதும் காய்ந்த நீரை நம்மாலேயே குடிக்க இயலாதே!

உவர்நீரும் குதிரையும்

குதிரை மறுப்பதற்கு அடுத்த காரணம் நீரின் சுவை. ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகள் 1,000 மில்லிகிராமுக்குக் குறைவாயின் அது குதிரைக்கு நல்ல நீர். 3,000 வரை பொதுவாக ஏற்கத்தக்கது. அதற்கு மேற்பட்டால் குதிரை குடிக்கத் தயங்கும். குடித்தாலும் வயிறு கழியலாம். 7,000ஐத் தாண்டினால் அந்த நீர் குதிரைக்கு ஆகாது. நமக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள அளவு 500 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காதபோது 2,000 வரை ஏற்கலாம் என்பது விதி. இவ்வகையில் குதிரை நம்மைவிடச் சற்றுப் பொறுமையுள்ளது.

அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதைத் தமிழ் வழங்கும் கடற்கரைகள் இரண்டு காட்டுகின்றன. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில், 1967இல் அமைக்கப்பட்ட வனவிலங்கு சரணாலயத்தில், வெளிமான்களோடு காட்டுத்தனமாய்த் திரியும் மட்டக்குதிரைகளும் வாழ்கின்றன. மூன்று பக்கமும் உப்புநீர். மழைநீர் தேங்கும் குட்டைகளே அவற்றுக்குக் குடிநீர். கோடையில் குட்டைகள் வற்றும்போது வனத்துறையினர் தொட்டிகளில் நீர் நிரப்பி வைக்கின்றனர். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல் அப்பகுதி முழுவதையும் சூறையாடியது. இத்தகைய புயலின்போது கடல்நீர் உள்ளே புகுந்தால், குட்டை நிறைந்திருந்தும் விலங்குகளுக்கு அது குடிநீராகாது.

மற்றொன்று இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் கூட்டமாகத் திரிகின்றன. பழைய குதிரை லாயத்தின் இடிபாடுகளும் உள்ளன. பவளப்பாறையும் சுண்ணாம்புக் கல்லும் நிறைந்த அத்தீவில் மழை பொய்த்தால் கிணறுகள் உவர்க்கும். கடுமையான வறட்சிக் காலங்களில் குடிநீரின்றி அங்குக் குதிரைகள் மடிந்ததுண்டு. நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்தில் தாகத்தால் சாவது எத்துணைக் கொடுமை!

நீரில் மறைந்திருக்கும் பகை

சுவையால் தெரியும் குறை ஒருபுறமிருக்க, கண்ணுக்குத் தெரியாத தீமைகளும் நீரில் உண்டு. தேங்கிய குட்டையில் உரம் கலந்த நீரும் சாக்கடையும் சேர்ந்தால், பச்சைச் சாயம் கொட்டினாற்போல் நீலப்பச்சைப் பாசி படரும். அவற்றுள் சில வகைகள் ஈரலையும் நரம்புகளையும் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. 1878இல் ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர், ஆஸ்திரேலியாவில் ஓர் ஏரி நீரைப் பருகிய ஆடுகளும் குதிரைகளும் சில மணி நேரங்களில் இறந்ததை 'நேச்சர்' இதழில் எழுதினார். இப்பாசி நஞ்சைப் பற்றிய முதல் அறிவியல் குறிப்பாக அது கருதப்படுகிறது. நீரைக் கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு நீங்குவதில்லை.

எலிகளின் சிறுநீர் கலந்த வெள்ளநீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி வாழ்கிறது. மனிதருக்கு எலிக்காய்ச்சலைத் தரும் இதே கிருமி, குதிரைகளுக்குக் கண்ணழற்சியையும் கருச்சிதைவையும் உண்டாக்கும். கண்ணழற்சி மீண்டும் மீண்டும் தோன்றி இறுதியில் பார்வையைப் பறிப்பதும் உண்டு.

நம் நாட்டோடு பெயராலேயே தொடர்புடைய நோய் ஒன்றும் உள்ளது. மழைக்காலத்தில் குதிரைகளின் கால்களில் தோன்றி ஆறாமல் பரவும் புண்ணை, மழையைக் குறிக்கும் 'பர்சாத்' என்ற இந்துஸ்தானிச் சொல்லைக் கொண்டு 'பர்சாத்தி' என்றனர். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர்கள் இதைப் பதிவு செய்துள்ளனர். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் வாழும், பூஞ்சை போன்ற ஓர் உயிரி இத்தகைய புண்களுக்குக் காரணம் எனப் பின்னர் தெரிந்தது. அதற்கு 1987இல் பித்தியம் இன்சிடியோசம் என்று பெயரிடப்பட்டது. இது வாய்வழியே வருவதன்று. குட்டையில் இறங்கி நிற்கும் குதிரையின் தோல்வழியே புகுவது. ஆகவே குதிரையைக் குட்டையில் இறக்கிக் குடிக்கவிடுவதினும், நல்ல நீரை வாளியில் கொண்டுவந்து கொடுப்பதே மேல்.

பொதுத்தொட்டியின் கதை

வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல், சுமை இறக்கச் சுமைதாங்கி, மாடு உடல் தேய்க்க ஆவுரிஞ்சுகல், கால்நடைகள் குடிக்கக் கல்தொட்டி என்று அறம் செய்தவர்கள் நம் முன்னோர். மேலை நாடுகளிலும் இத்தகைய அறம் தோன்றியது. லண்டனில் 1859இல் மக்களுக்கு இலவசக் குடிநீர் வழங்க ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. 1867இல் அச்சங்கம் கால்நடைத் தொட்டிகளையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டு, தெருக்கள் தோறும் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் கல்தொட்டிகள் அமைத்தது. நகரமே குதிரை வண்டிகளால் இயங்கிய காலம் அது.

ஆனால் நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை ஒரு நோய் உணர்த்தியது. கிளாண்டர்ஸ் என்னும் அந்நோய் குதிரையின் மூக்கிலும் நுரையீரலிலும் தோலிலும் புண்களை உண்டாக்கும். மனிதரையும் தொற்றிக் கொல்லக்கூடியது. அதன் கிருமியை 1882இல் ஜெர்மானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். நோயுற்ற குதிரை தொட்டியில் மூக்கை வைத்துக் குடிக்கும்போது மூக்குச் சளி நீரில் கலக்கிறது. அடுத்து வரும் குதிரை அதையே பருகுகிறது. அறமாக வைத்த தொட்டியே நோய் பரப்பும் இடமாயிற்று! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் பொதுத்தொட்டிகளை மூடினர். வண்டிக்காரர் தம் சொந்த வாளியில் குழாய்நீரைப் பிடித்துக் கொடுக்கலாயினர்.

இது பழங்கதையன்று. நம் நாட்டில் 2006க்குப் பின்னர் மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களில் கிளாண்டர்ஸ் மீண்டும் தலைகாட்டியது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இரத்தப் பரிசோதனை செய்து நோயைக் கண்டறிகிறது. தொண்டை வீங்கிச் சீழ் பிடிக்கும் ஸ்டிராங்கிள்ஸ் நோயும் பொதுத்தொட்டி வழியே எளிதில் பரவும். ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை போன்ற இடங்களில், பல ஊர்க் குதிரைகள் ஒன்றுசேர்கின்றன. அங்கெல்லாம் "ஒரு குதிரைக்கு ஒரு வாளி" என்பது பொன்னேபோல் போற்ற வேண்டிய விதியாகும்.

செம்பரம்பாக்கம் கற்பிக்கும் பாடம்

இனி நம் பகுதிக்கு வருவோம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், பூந்தமல்லியை அடுத்துள்ள செம்பரம்பாக்கம் ஏரியை அறியாதார் இல்லை. முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வயல்களுக்குப் பாய்ந்த ஏரி இன்று நகரத்தின் தாகம் தீர்க்கிறது. இங்குள்ள சுத்திகரிப்பு நிலையம் 2007 முதல் செயல்படுகிறது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மையாக்கும் திறன் கொண்டது. ஏரி நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றினும், கலங்கலைப் படியவைத்து, வடிகட்டி, குளோரின் கலந்த பின்னரே குழாயில் விடுகிறார்கள். மனிதனுக்கு இத்தனை கவனம்!

இந்த ஏரியே நான்காண்டு இடைவெளியில் நமக்கு இரண்டு பாடங்களைப் புகட்டியது. 2015 டிசம்பர் முதல் நாளில் ஏரி நிரம்பி, விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டது. வெள்ளம் புகுந்த இடங்களில் கிணறுகளிலும் தொட்டிகளிலும் சாக்கடை கலந்தது. 2019 கோடையிலோ ஏரி வறண்டு தரை வெடித்தது. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரைக்கூடச் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுவந்து சுத்திகரித்து வழங்கினர். ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம், வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் வந்தது.

தெருவெங்கும் குடங்கள் வரிசையில் நின்ற அந்நாள்களில், குதிரைக்காரர் ஒருவர் தம் குதிரைக்காக நான்கு குடம் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்? வெள்ளத்திலும் வறட்சியிலும் விலங்கு வரிசையின் கடைசியில் நிற்கிறது. லாரி நீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது, எவ்வளவு உவர்ப்பு என்று நாமாவது கேட்கலாம். குதிரைக்குக் கேட்கும் வாய் இல்லை. அது செய்யக்கூடியது ஒன்றுதான், குடிக்க மறுப்பது.

சட்டம் அதற்காகப் பேசுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, தம் விலங்குக்குப் போதிய உணவும் குடிநீரும் உறைவிடமும் அளிக்கத் தவறுவது குற்றமாகும். ஆனால் அதிகாரி ஒருவர் ஒவ்வொரு வாளியின் அருகிலும் நிற்க இயலாது. அறிவும் இரக்கமும் உள்ளவர்கள்தாம் நிற்க வேண்டும்.

செய்யத்தக்கவை

குதிரை வளர்ப்போர்க்கும், அவர்களைக் காணும் நமக்கும் பயன்படும் சில குறிப்புகளைத் தொகுத்துத் தருகிறேன்.

1. நல்ல நீர் எப்போதும் குதிரையின் எதிரில் இருக்கட்டும். அது இயலாதபோது ஒரு நாளைக்கு நான்கு முறையேனும் தண்ணீர் காட்ட வேண்டும்.

2. தொட்டியையும் வாளியையும் நாள்தோறும் கவிழ்த்துக் கழுவ வேண்டும். சிமெண்டுத் தொட்டிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை உட்புறம் சுண்ணாம்பு பூசினால் பாசி படராது. தொட்டி நிழலில் இருத்தல் நலம்.

3. மற்றக் குதிரைகளோடு வாளியைப் பகிரக்கூடாது. புதிதாக வாங்கிவந்த குதிரைக்குச் சில வாரங்கள் தனி இடமும் தனி வாளியும் வேண்டும்.

4. ஊர் மாறும்போது நீரின் மணம் மாறுவதால் குதிரை குடிக்கத் தயங்கும். புறப்படுவதற்குச் சில நாள் முன்பிருந்தே நீரில் சிறிது வெல்லம் கரைத்துப் பழக்கினால், வெளியூர் நீரையும் அதே சுவையில் குடித்துவிடும். அருகில் வெல்லமில்லாத நீரும் இருக்கட்டும்.

5. ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரி நீரையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதனை செய்ய வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துத் தூய்மை செய்து, குளோரின் இட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும்.

6. தோள்பக்கத் தோலை இரு விரலால் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் நலம். மடிப்பு சில விநாடிகள் அப்படியே நின்றால், ஈறு வறண்டு பிசுபிசுத்தால், சாணம் சிறுத்து இறுகினால், உடலில் நீர் குறைந்துவிட்டது என்பது பொருள். கால்நடை மருத்துவரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

முடிவுரை

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக்கு வந்த மார்க்கோபோலோ, இந்நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் ஓராண்டுக்குள் அவற்றுள் மிகப் பல இறந்துபோனதையும் எழுதி வைத்தார். கடல்கடந்து பொன்கொடுத்து வாங்கிய செல்வம் பராமரிப்பு அறியாமையால் அழிந்தது. இன்று அறிவுக்குப் பஞ்சமில்லை. 1903இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் நம் அருகிலேயே இருக்கிறது. வேண்டுவது, இருக்கும் அறிவை ஒரு வாளித் தண்ணீர் வரையில் கொண்டுசெல்லும் மனம்.

அடுத்த முறை ஒரு கல்யாண ஊர்வலத்தில் நாம் நடந்து செல்லும்போது, மாப்பிள்ளைக்குக் குளிர்பானம் நீட்டும் கைகளில் ஒன்று வண்டிக்காரரிடம், "ஐயா, குதிரைக்குத் தண்ணீர் காட்டினீர்களா?" என்று கேட்கட்டும். குழாயடியிலிருந்து ஒரு வாளி நல்ல நீரைச் சுமந்து வரவும் தயங்க வேண்டாம். குதிரை முகர்ந்துவிட்டு மறுத்தால் சினம் கொள்ளாமல், நீரை மாற்றிக் கொடுத்துப் பார்ப்போமாக!